சுமத்ராவிலிருந்து ரின்ஜானி உச்சி வரை

இந்தோனேசியாவின் ரின்ஜானி எரிமலை ஏறுகிற பலர் விமானத்தில் பாலிக்கு வந்து, அங்கிருந்து படகில் லோம்போக் தீவுக்குப் போய், மூன்று நாளில் ஏறி இறங்கிவிடுகிறார்கள். விடுமுறை குறைவாக இருந்தால் அதுதான் வழி. நானும் என் தம்பியும் அந்த மலையை ஒரு நீண்ட பயணத்தின் கடைசியில் வைத்தோம். சுமத்ராவின் மேடான் நகரில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்து, ரயில், படகு என்று மாறி மாறி சுமத்ரா, ஜாவா, பாலி மூன்றையும் கடந்து லோம்போக் வந்தோம். நடுவில் எங்கும் விமானம் ஏறக்கூடாது என்பது மட்டும்தான் நாங்கள் வைத்துக்கொண்ட விதி.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். இந்தத் தீவுகள் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. தெற்கே கடலுக்கடியில் இந்திய-ஆஸ்திரேலிய நிலத்தட்டு சுந்தா தட்டின் அடியில் புகுந்து அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அமிழும் தட்டு தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள பாறையில் கலக்கும்போது, பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடுகிறது. அப்படி உருகியது மேலே வரும் இடத்தில் எல்லாம் ஓர் எரிமலை. மேடானிலிருந்து லோம்போக் வரை நாங்கள் போன பாதை முழுவதும் இந்த ஒரே செயலின் மேல்தான் போகிறது. 3,726 மீட்டர் உயரமுள்ள ரின்ஜானி, இந்தோனேசிய எரிமலைகளில் சுமத்ராவின் கெரிஞ்சிக்கு அடுத்து உயர்ந்தது. மற்ற மலைகள் என்ன செய்தன என்று பார்த்துவிட்டு இந்த மலையில் கால் வைத்தது எனக்குப் பெரிய வித்தியாசமாக இருந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். ஏறப்போகிறவர்களுக்கு உதவும் விஷயங்களையும் நடுநடுவே சொல்கிறேன்.

மேடானில் எங்களுக்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு கம்புங் மெட்ராஸ் என்று பெயர். 1884ல் கட்டப்பட்ட மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயில் வாசலில் ஒரு பாட்டி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஊருல இருந்தா வர்றீங்க?" என்று தமிழிலேயே கேட்டார். எரிமலை ஏறப் போகிறோம் என்றதும், "கும்பிட்டுட்டுப் போம்மா, அது நெருப்பு மலை" என்றார். கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

அடுத்தது தோபா ஏரி. நீளவாக்கில் சுமார் 100 கிலோமீட்டர். நடுவில் சமோசிர் என்ற தீவு. இந்த ஏரி முழுவதும் ஓர் எரிமலைவாய் என்பதைக் கரையில் நின்று பார்த்தால் நம்ப முடியாது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது பறந்த சாம்பலை ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் மண்ணடுக்கில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த வெடிப்பு நம் பக்கத்து மண்ணிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபோது, நான் அந்நிய ஊரில் வேடிக்கை பார்க்கிறேன் என்ற எண்ணமே போய்விட்டது.

புக்கிட்திங்கி ஊரிலிருந்து மராபி மலை தெரியும். (ஜாவாவின் யோக்யகர்த்தா நகர் அருகே இருப்பது மெராபி. இது வேறு.) 2023 டிசம்பர் 3 அன்று மராபி திடீரென வெடித்தபோது மேலே இருந்த மலையேறிகளில் 24 பேர் இறந்தார்கள். அப்போது அந்த மலை நான்கு எச்சரிக்கை நிலைகளில் இரண்டாவதில் இருந்தது. எரிமலைவாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்று எரிமலை ஆய்வுத் துறை சொல்லியும் இருந்தது. இதை ஒரு பாடமாக அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் எந்த எரிமலைக்குப் போனாலும் 'மக்மா இந்தோனேசியா' இணையதளத்தைப் பாருங்கள். நார்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ் என்று நான்கு நிலைகள் இருக்கும். நிலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று கீழே எழுதியிருப்பதையும் படியுங்கள். "நேத்துகூட ஆள் போனாங்க" என்று விடுதியில் யாராவது சொல்வார்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலேறி வரும்போது நிலநடுக்கம், வாயு, நிலம் உப்புவது என்று முன்னறிகுறிகள் இருக்கும். நிலத்தடி நீர் திடீரெனக் கொதித்து நீராவியாக வெடிக்கும்போது அந்த அறிகுறிகள் இல்லாமலே போகலாம்.

தெற்கு சுமத்ராவின் நீளமான பேருந்துப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, முதுகு வலித்தது. சுமத்ராவின் பக்காவ்ஹெனியிலிருந்து ஜாவாவின் மெராக் வரை சுந்தா நீரிணையைப் படகில் கடந்தோம். 1883ல் கிரகத்தாவு வெடித்து 36,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்த நீரிணையில்தான். அதே இடத்தில் கடலிலிருந்து முளைத்த அனாக் கிரகத்தாவு 2018 டிசம்பர் 22 அன்று ஒரு பக்கம் சரிந்து சுனாமியைக் கிளப்பியது. அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் சுனாமியை அறிந்த கடற்கரையில் வளர்ந்தவள். எரிமலைச் சரிவிலிருந்தும் சுனாமி வரும் என்பது அதுவரை என் மனதில் இருந்ததில்லை.

யோக்யகர்த்தாவில் மெராபி அடிவாரத்துக்குப் போனோம். 2010ல் அது வெடித்தபோது 350 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையின் காவலராக யோக்யகர்த்தா அரண்மனை நியமித்திருந்த மரிஜான் என்ற முதியவர் கீழே இறங்க மறுத்து அங்கேயே இறந்தார். எரிந்துபோன ஒரு வீட்டை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உருகிய கண்ணாடிப் பாட்டில்கள், நின்றுபோன சுவர்க்கடிகாரம், மாட்டின் எலும்புகள். சுற்றிலும் பார்த்தால் பச்சைப் பசேலென்ற தோட்டங்கள். சாம்பல் மண் அத்தனை வளமானது, அதனால் மக்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். இதை அவர்களின் அறியாமை என்று பேசுபவர்கள் அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பேன்.

கிழக்கு ஜாவாவின் எரிமலைகளான புரோமோ, இஜென் இரண்டுக்கும் போனோம். இஜென்னில் கந்தகக் கட்டிகளைக் கூடையில் சுமந்து மேலே வரும் தொழிலாளர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வாயு முகமூடி கட்டாயம் வேண்டும். அவ்வளவுதான், இரண்டு மலையைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அப்புறம் பாலி. அங்கே பாடாங் பாயில் படகு ஏறினால் லோம்போக்கின் லெம்பார் துறைமுகம் நான்கைந்து மணி நேரம். வேகப்படகும் உண்டு, ஆனால் சாதாரணப் படகில் வாருங்கள் என்பேன். மேல்தளத்தில் நின்றால் பின்னால் ஆகுங் மலை சிறுத்துக்கொண்டே போகும், முன்னால் ரின்ஜானி மேகத்துக்குள் எழுந்து வரும்.

இப்போது ஏற்றத்துக்கு வருகிறேன். நீண்ட பயணத்தின் கடைசியில் மலை ஏறுவதில் ஒரு லாபம், ஒரு ஆபத்து. லாபம் என்னவென்றால், பையைத் தூக்கி நடந்து நடந்து கால்கள் தேறியிருக்கும். அந்த ஊர்ச் சாப்பாடு, வெயில், தூக்கம் எல்லாம் பழகியிருக்கும். ஆபத்து, களைப்பு உடம்புக்குள் சேர்ந்துகொண்டே வருவது. அது வெளியே தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்கு மலைமேல்தான் தெரியும். அதனால் நாங்கள் ரின்ஜானிக்கு முன்னால் செம்பாலுன் கிராமத்தில் சில நாள் சும்மா இருந்தோம். சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த பள்ளத்தாக்கு அது. பூண்டு வயல்கள், ஸ்ட்ராபெரித் தோட்டங்கள், காலையில் நேர் எதிரே மலை. தூங்கினோம், துணி துவைத்தோம், சோறு சாப்பிட்டோம். பயணத் திட்டத்தில் எதை வெட்டினாலும் இந்த ஓய்வை வெட்டாதீர்கள்.

அந்த நாட்களில் ஷூவைச் சோதித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்த ஷூவில் பசை விட்டிருக்கும். இரண்டு கையாலும் அடிப்பாகத்தைப் பிடித்து வளைத்து, ஓரத்தில் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். தம்பியின் ஷூ அப்படித் திறந்திருந்தது. லோம்போக்கின் மத்தாராம் நகரில் ஒரு செருப்புத் தைப்பவர் சுற்றிலும் தையல் போட்டுக்கொடுத்தார், இறங்கி முடிக்கும்வரை தாங்கியது. கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முன்பக்கத்தில் முட்டிக்கொண்டே இருக்கும்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சோயாவில் செய்யும் தெம்பே, தாஹு, அப்புறம் கீரை, சோறு எங்கும் கிடைக்கும். ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் தெராசி என்ற இறால் விழுது இருக்கும். மலையேற்ற ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொன்னால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். மேலே போனபின் சொன்னால் நூடுல்ஸ்தான்.

ரின்ஜானி தேசியப் பூங்காவில் முன்பதிவு இணையம் வழியாக நடக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு. உடல்தகுதிச் சான்று கேட்பார்கள், அதை செம்பாலுனிலேயே எடுக்கலாம். மழைக்காலத்தில், வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை, பாதையை மூடிவிடுவார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் கிடைக்கும் விசா 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். நீளமாகப் போகிறவர்கள் நீட்டிப்பு வேலைக்கு ஒரு பெரிய ஊரில் சில வேலைநாட்களை ஒதுக்கிவையுங்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை மலையேற்றம் சேரும் என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள். 3,000 மீட்டரோடு நிற்கும் திட்டங்கள் இருக்கின்றன, இந்த மலை அதற்கு மேலே.

செம்பாலுனிலிருந்து முதல் பாதி புல்வெளி. நிழலே கிடையாது. தொப்பி வேண்டும், மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். மூன்றாவது நிறுத்தத்துக்கு அப்புறம் செங்குத்தாகத் தொடங்கும் தொடர்குன்றுகளுக்கு உள்ளூரில் 'வருத்தப்படவைக்கும் ஏழு குன்றுகள்' என்று பெயர். ஒவ்வொன்றும் கடைசிக் குன்று மாதிரியே தெரியும். "அக்கா, இதுதானே கடைசி?" என்று தம்பி கேட்டுக்கொண்டே வந்தான். "மேல பாக்காத, காலப் பாத்து நட" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. எங்கள் வழிகாட்டி செம்பாலுனைச் சேர்ந்த, லோம்போக்கின் சசாக் இனத்து இளைஞர். "பெலான், பெலான்" என்று மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சு திணறாத வேகத்தில் நடந்தால் அந்த நாள் முழுவதும் நடக்கலாம். இதைவிடச் சிறந்த அளவுகோல் எதையும் நான் பார்த்ததில்லை.

சுமைதூக்குபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூங்கில் தண்டில் இரண்டு பக்கமும் கூடை தொங்க, அதைத் தோளில் காவடியாக வைத்துக்கொண்டு, பலர் ரப்பர் செருப்பில் ஏறுகிறார்கள். கூடாரம், தண்ணீர், அரிசி, கோழி, அடுப்பு எல்லாம் அதில். நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபியாவும் அந்தத் தோளிலிருந்துதான் குறைகிறது. மிக மலிவாகச் சொல்லும் ஏற்பாட்டாளரிடம், ஒருவர் எத்தனை கிலோ தூக்குவார், ஒரு குழுவுக்கு எத்தனை பேர் வருவார்கள், குப்பையைக் கீழே கொண்டுவருவார்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். அன்பளிப்புப் பணத்தை அலுவலகத்தில் கொடுக்காமல், இறங்கியபின் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

மாலையில் 2,639 மீட்டரில் உள்ள பிலவாங்கன் விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். கூடாரம் அங்கேதான். உள்பக்கம் எட்டிப் பார்த்தால் செகரா அனாக் ஏரி, அதற்குள் பாருஜாரி என்ற சின்ன எரிமலை. 1257ல் இங்கே நின்றிருந்த சமலாஸ் என்ற மலை வெடித்து உள்ளே இடிந்து விழுந்ததில் உருவானது இந்தப் பள்ளம். அந்த ஆண்டை ஒட்டிப் பெரிய வெடிப்பு ஒன்று நடந்ததை கிரீன்லாந்து, அண்டார்டிகா இரண்டு இடத்துப் பனியிலும் இருந்த கந்தகப் படிவு காட்டியது. எந்த மலை என்று நீண்ட காலம் தெரியவில்லை. 2013ல்தான் அது சமலாஸ் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பமதான் என்ற ஊர் புதைந்ததைச் சொல்லும் 'பபாட் லோம்போக்' என்ற பனையோலை நூலும் அவர்களுக்குத் துணை நின்றது. உலகம் தேடிக்கொண்டிருந்ததை லோம்போக் மக்கள் ஓலையில் எழுதிவைத்திருந்தார்கள். இதை வழிகாட்டி சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உணவை கூடாரத்துக்குள் வைத்து மூடுங்கள், குரங்குகள் வரும்.

இரவு இரண்டு மணியளவில் உச்சிக்குக் கிளம்பினோம். தலைவிளக்கு, கையுறை, காது மூடும் தொப்பி, காற்றுப் புகாத மேல்சட்டை, தூசுக்கு முகக்கவசம். நடக்கும்போது குளிராது, நின்றால் நடுங்கும். ஆகவே உள்ளே மெல்லிய சட்டைகளாக அடுக்கிக்கொண்டு, வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சியில் உட்கார்ந்தால் குளிர் தாங்காது.

கடைசிப் பகுதிதான் ரின்ஜானி. பாதை முழுவதும் சரளையும் சாம்பலும். எரிமலை கக்கிய துண்டுகள் காற்றில் பறந்து வந்து குவிந்தவை. அவற்றை ஒட்டவைக்க எதுவும் இல்லை. எந்தச் சரிவில் அதற்குமேல் நிற்க முடியாதோ அந்தச் சரிவில் அப்படியே நிற்கின்றன. நாம் கால் வைத்தவுடன் அந்தச் சமநிலை குலைந்து சரிகிறது. இரண்டு அடி வைத்தால் ஓர் அடி கீழே வந்துவிடும். இங்கே பலத்தைக் காட்டினால் பலம்தான் தீரும். முன்னால் போனவரின் காலடிக் குழி இறுகியிருக்கும், அதிலேயே மிதியுங்கள். விரல்நுனியில் ஏறாமல் பாதம் முழுவதையும் பதித்து, விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, குட்டி குட்டி அடியாக வையுங்கள். ஊன்றுகோல் கட்டாயம். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு மூங்கில் கம்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை, இங்கே அதற்கும் மேல். ஷூவின் வாயை மூடும் துணி உறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். அது இல்லாமல் வந்தவர்கள் அடிக்கடி உட்கார்ந்து கல்லை உதறினார்கள்.

பாதை ஒரு முதுகெலும்பின் மேல் போகிறது. ஒரு பக்கம் ஏரிப் பள்ளம், மறுபக்கம் வெளிச்சரிவு. இருட்டில் பள்ளம் தெரியாது, அதனால் பயமும் தெரியாது. 2025 ஜூனில் பிரேசிலைச் சேர்ந்த ஓர் இளம்பெண் இந்த உச்சிப் பாதையிலிருந்துதான் விழுந்தார். மூடுபனியாலும் செங்குத்தான சரிவாலும் மீட்புக்குழுவால் அவரை உயிரோடு மீட்க முடியவில்லை. வழிகாட்டியை விட்டு முன்னாலும் போகாதீர்கள், பின்தங்கியும் போகாதீர்கள். களைத்துப்போய் உட்கார வேண்டும் என்றால் சொல்லுங்கள், அவரும் உங்களோடு உட்கார வேண்டும். ஒரே வழிகாட்டியோடு பெரிய குழு என்றால் இது நடக்காது. அதனால் வேகம் வேறுபடும் ஆட்கள் இருக்கும் குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகள் வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். திரும்புவதற்கு ஒரு நேரத்தையும் கூடாரத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். எங்கள் நேரம் காலை ஏழு மணி. அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்புவது என்று தம்பியும் நானும் பேசிவைத்திருந்தோம். களைத்த மூளையிடம் அந்த முடிவை விடக்கூடாது.

சூரியன் எழும் சமயத்தில் உச்சியில் இருந்தோம். கிழக்கே சும்பாவா தீவில் தம்போரா மலை. 1815ல் அது வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. மேற்கே பாலியின் ஆகுங். நடுவில் கடல்மேல் ரின்ஜானியின் நிழல் முக்கோணமாக நீண்டுகிடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தது ஆகுங்கைத்தான். அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் இஜென், புரோமோ, மெராபி, கிரகத்தாவு, மராபி, தோபா. நாங்கள் வந்த வழி முழுவதும் ஒரே கோடாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. தம்பி ஒவ்வொரு பெயராகச் சொல்லி விரலை மடக்கினான். இந்த மலையில் முதல் நாளே ஏறியிருந்தால் எனக்கு அழகான காட்சி கிடைத்திருக்கும். இந்தக் கோடு கிடைத்திருக்காது.

இறங்குவதில் சரளை நமக்கு நண்பன். குதிகாலை ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி, வழுக்கவிட்டு வரலாம். ஆனால் விளிம்பிலிருந்து ஏரிக்கு இறங்கும் பாதை பாறைப்படி, கைப்பிடி வைத்த இடங்களும் உண்டு. முழங்கால் நோவு உள்ளவர்கள் உச்சியோடு நிறுத்திக்கொண்டு செம்பாலுனுக்கே திரும்பலாம், குறை ஒன்றும் இல்லை. ஏரிக்கரை சுமார் 2,000 மீட்டரில் இருக்கிறது. பாலி இந்துக்களுக்கும் சசாக் மக்களுக்கும் புனிதமான நீர், பொன்னை ஏரியில் இடும் பெகெலெம் சடங்கு இங்கே நடக்கிறது. கரையில் படையல் தட்டுகளைக் கண்டால் தாண்டாதீர்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று இருக்கிறது. அந்தக் கால்வலிக்கு அதைவிட மருந்து இல்லை.

நாங்கள் மூன்றாம் நாள் தோரேயன் பள்ளத்தாக்கு வழியே வெளியே வந்தோம். கனிமங்களால் வெளுத்த ஆறு, இரண்டு பக்கமும் சுவர்போல் மலை. இன்னொரு வழியான செனாரு பக்கம் போனால் மறுபடி விளிம்புக்கு ஏறி இறங்க வேண்டும், தோரேயனில் அந்த ஏற்றம் இல்லை. மழை பெய்திருந்தால் மட்டும் அங்கே போகாதீர்கள், கல் விழும். 2018 ஜூலை 29 நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மேலே மாட்டிக்கொண்ட மலை இது. அடுத்த வாரமே வந்த பெரிய நிலநடுக்கத்தில் லோம்போக்கில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அடிவாரத்தில் எந்த வீட்டில் தங்கினாலும் அதைப் பற்றிய பேச்சு வரும். வந்தால் பொறுமையாகக் கேளுங்கள்.

திரும்பும் விமானத்தை இறங்கிய மறுநாளே போடாதீர்கள், மேகமோ மழையோ ஒரு நாள் தள்ளிப்போட வைத்தால் அவசரத்தில் தவறான முடிவெடுப்பீர்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். லோம்போக்கிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போகலாம். மேடானுக்குப் போவதற்கும் கோலாலம்பூர் அல்லது பினாங்கு வழிதான் சுலபம்.